அக்கம்பக்கக் காவல்: தெருக்காரர்கள் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

தெருமுனை எழுதியது:

ஒரு தெருவில் அடுத்தடுத்து நாலு வீட்டில் பூட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார்கள். கேமரா வாங்க வசூல் நடக்கும். இளைஞர்கள் சிலர் கம்பும் டார்ச்சுமாக இரவில் சுற்றக் கிளம்புவார்கள். ஒரு மாதம் ஓடும், மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் கம்பு மூலைக்குப் போய்விடும், கேமராவில் ஒன்று பழுதாகிக் கிடக்கும், குழுவில் பேச்சே இருக்காது. அடுத்த திருட்டு நடந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

எனக்கு இதில் தீர்மானமான கருத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சொல்வதையும் கேட்கத்தான் இந்த இழை. திருடனைத் துரத்திப் பிடிப்பது தெருக்காரர்கள் வேலை கிடையாது. ஆனால் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எத்தனை மணிக்குத் தெரு காலியாகிறது, எந்தப் பையன் திடீரென்று பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ரோந்து வண்டியில் ஐந்து நிமிடத்தில் கடந்து போகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்த விவரம் சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு "நீங்கள் சொன்னீர்களே, அதற்கு இதைச் செய்தோம்" என்று பதில் வர வேண்டும். பதில் வராத இடத்தில் எவ்வளவு நல்ல திட்டமும் கொஞ்ச நாளில் படுத்துவிடும். என் பார்வையில் அக்கம்பக்கக் காவலின் உயிர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

1829-இல் லண்டனில் ராபர்ட் பீல் பெருநகரக் காவல்துறையைத் தொடங்கிய காலத்திலிருந்தே காவலரும் மக்களும் வேறு வேறு இல்லை என்ற பேச்சு அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்டு வருகிறது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பேசுவோமா?

நேர்கோடு எழுதியது:

நேராகவே சொல்கிறேன், எனக்கு இந்தத் திட்டங்கள் எதிலும் நம்பிக்கை இல்லை. கூட்டம் போடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், ஒரு பலகை வைப்பார்கள், முடிந்தது. சம்பளம் வாங்குகிற வேலையைச் செய்ய வேண்டியவர்கள் செய்யாமல், அதை மக்கள் தலையில் தள்ளிவிடுவதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் எடுங்கள். வண்டி ரோந்தை அதிகப்படுத்துங்கள். தெருவுக்குத் தெரு போலீஸ் நின்றால் திருடன் ஏன் வருகிறான்?

கணக்குநோட்டு எழுதியது:

நேர்கோடு, வண்டி ரோந்தைக் கூட்டினால் குற்றம் குறையும் என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுவதுதான். அதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டியில் 1972 - 73-இல் 15 பீட்டுகளை, அதாவது காவலர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரோந்துப் பகுதிகளை, மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் வழக்கமான ரோந்து, இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு, மூன்றாவதில் ரோந்தே கிடையாது, அழைப்பு வந்தால் மட்டும் போவது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குற்றத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அங்கே குடியிருந்தவர்களுக்கு ரோந்து கூடியதோ குறைந்ததோ தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பரந்த ஊரில் வண்டி சும்மா சுற்றி வருவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

ஏன் என்பதற்கு ஒரு விடை 1989-இல் மினியாபொலிஸ் ஆய்வில் வந்தது. லாரன்ஸ் ஷெர்மனும் அவர் குழுவும் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, நகரத்தின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அதாவது பிரச்சினை நகரம் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, சில மூலைகளில் குவிந்து கிடக்கிறது. அந்த மூலைகள் எவை என்று ஓரளவு கணினி சொல்லும். அங்கே ஏன் குவிகிறது என்பதை அங்கே இருப்பவர் சொன்னால்தான் உண்டு.

நடந்து போகும் ரோந்து கொஞ்சம் வேறு கதை. நியூவார்க்கில் எழுபதுகளின் கடைசியில் சோதித்தபோது குற்றம் குறையவில்லை, ஆனால் மக்களுக்குப் பயம் குறைந்தது, போலீஸ் மேல் மதிப்பு கூடியது. 2009-இல் பிலடெல்பியாவில் வன்முறை அதிகமான 60 மூலைகளில் மட்டும் நடை ரோந்து போட்டார்கள், அங்கே வன்முறைக் குற்றம் ஒப்பீட்டில் 23 சதவீதம் குறைந்தது. ரோந்தை எடுத்தவுடன் பலன் தேய்ந்து போனதையும் பிறகு பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆக "போலீஸைக் கூட்டு" என்றால் எங்கே, எப்படி, எத்தனை நாள் என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

மேல்மாடி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் கேமரா போட்டோம். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கேமராவைவிடப் பெரிய பலன் தந்தது வேறு ஒன்று. திருட்டு நடந்த வீட்டைச் சுற்றி இருக்கும் வீட்டுக்காரர்கள் மட்டும் ஒரு சின்ன வட்டமாகச் சேர்ந்து, ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் கண் வைப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். முழுக் குடியிருப்பையும் கூட்டி வைத்துப் பேசியபோது நடக்காதது, இந்த ஐந்தாறு வீட்டுக்குள் தானாக நடந்தது. யார் பொறுப்பு என்று தெளிவாகத் தெரிகிறதே, அதனால்தான் என்று நினைக்கிறேன். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

கணக்குநோட்டு எழுதியது:

மேல்மாடி, நீங்கள் தெரியாமலே ஒரு புகழ்பெற்ற முறையைச் செய்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட் என்று 2,000 வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்பு. வீடு புகுந்து திருடுவது அங்கே மிக அதிகம். 1986 வாக்கில் அங்கே போய் ஆராய்ந்தவர்கள், ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில்தான் மறுபடியும் நடக்கிறது, அதுவும் சில வாரங்களுக்குள்ளேயே நடக்கிறது என்று கண்டார்கள். காரணம் யோசித்தால் புரியும். திருடனுக்கு வழி தெரிந்துவிட்டது, விட்டுப்போன பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியும், உடைந்த கதவை இன்னும் சரிசெய்திருக்க மாட்டார்கள்.

அதனால் திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள சுமார் ஆறு வீட்டாரை ஒரு வளையமாகச் சேர்த்து அந்த வீட்டைக் கவனிக்கச் சொன்னார்கள். உடனே பூட்டையும் ஜன்னலையும் பலப்படுத்தினார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: பல வீடுகளில் காசு போட்டால் எரிகிற கேஸ், மின்சார மீட்டர்கள் இருந்தன, அந்த மீட்டரில் சேரும் சில்லறைக்காகத்தான் பல திருட்டுகள். மீட்டரை மாற்றினார்கள். மூன்று வருடத்தில் திருட்டு சுமார் 75 சதவீதம் குறைந்தது. யாரையும் அடிக்கவில்லை, யாரையும் துரத்தவில்லை. குடியிருப்பவர்களையும் பிடிபட்ட திருடர்களையும் உட்கார வைத்துக் கேட்டார்கள், கிடைத்த விடைக்குத் தக்கபடி செய்தார்கள்.

ஓய்வுபெற்றகாக்கி எழுதியது:

நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தெருமுனை சொன்ன "பதில்" விஷயத்தில் கொஞ்சம் உள்ளிருந்து சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்கு ஒரு நாளைக்கு வருகிற தகவலில் பெரும்பாலானது "சந்தேகமா ரெண்டு பேர் சுத்துறாங்க சார்" என்ற வகைதான். இதை வைத்து ஒரு ஏட்டு என்ன செய்ய முடியும்? எந்தத் தெரு, எத்தனை மணி, எந்தப் பக்கம் போனார்கள், என்ன செய்ததால் சந்தேகம் வந்தது, ஒன்றும் இருக்காது. போய்ப் பார்ப்பதற்குள் யாரும் இருக்கமாட்டார்கள். பத்து தடவை இப்படிப் போய்த் திரும்பினால் பதினோராவது தடவை கிளம்ப மனம் வராது, அதுதான் மனித இயல்பு.

அதே பகுதியில் ஒரு அம்மா இருந்தார். மாலையில் வாசலில் உட்கார்ந்திருப்பார், படிப்பு அதிகம் இல்லை. அவர் சொன்னது இப்படி இருக்கும்: "மத்தியானம் ரெண்டரை இருக்கும், செவப்பு வண்டி, முன் பம்பர்ல ஒரு பக்கம் நசுங்கி இருக்கு, நம்பர்ல கடைசி ரெண்டு எழுபத்தொண்ணு. வண்டியை நிறுத்தாம ஒவ்வொரு கேட்டுக்கும் மெதுவா போறான், பூட்டு தொங்குற வீட்டுக்கு முன்னால மட்டும் நிக்கிறான். நேத்தும் இதே நேரம் வந்தான்." இதில் அந்த ஆளின் நிறமோ உடையோ எதுவும் இல்லை, கவனித்தீர்களா? அவன் செய்ததை மட்டும் சொல்கிறார். இந்த ஒரு தகவலுக்காக நான் இரண்டு பேரை மறுநாள் மத்தியானம் அந்தத் தெருவில் சாதா உடையில் நிறுத்துவேன். தயங்கவே மாட்டேன்.

எங்கள் பக்கக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மாவுக்குப் போய் "நீங்க சொன்னது உதவியா இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்ல எங்கள் முறையில் இடமே கிடையாது. யாருடைய வேலையும் அது இல்லை. புகார் கொடுத்தவருக்கு ரசீது கொடுப்பதோடு சரி. தகவல் கொடுத்தவருக்கு அதுகூடக் கிடையாது. அப்புறம் இடமாற்றம். ஒரு பீட்டில் ஆள் முகம் பழகி, தெருப்பெயர் பழகி, யார் வீட்டில் என்ன தகராறு என்று தெரிந்துகொள்ளவே பல மாதம் ஆகும். தெரிந்துகொண்ட பிறகு தூக்கி வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். புதிதாக வருகிறவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார்.

கணக்குநோட்டு எழுதியது:

ஐயா சொன்ன இடமாற்றம்தான் பெரிய முட்டுக்கட்டை என்று ஆய்வே சொல்கிறது. 2021-இல் சயன்ஸ் இதழில் வந்தது. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா, ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் மக்களோடு சேர்ந்த காவல் முறையைச் சோதித்தார்கள். குற்றமும் குறையவில்லை, மக்களுக்குப் போலீஸ் மேல் நம்பிக்கையும் கூடவில்லை. நேர்கோடு இதைப் படித்தால் "நான் சொன்னேனே" என்பார், சொல்லட்டும், அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஏன் தோற்றது என்று ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: மேலதிகாரிகளின் ஆதரவு நீடிக்கவில்லை, பயிற்சி பெற்ற காவலர்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், மக்கள் சொன்ன குறையைத் தீர்க்க ஸ்டேஷனிடம் வசதி இல்லை. கூட்டத்தை மட்டும் நடத்தி, கூட்டத்தில் கேட்டதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆறு நாட்டுச் சான்று அது.

நேர்கோடு எழுதியது:

சரி, நான் சொன்னதில் பாதிக்காவது ஆதாரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. என் கேள்வி இதுதான்: எங்காவது நீடித்து நடந்திருக்கிறதா? ஒரு அதிகாரி ஆர்வத்தில் ஆரம்பித்து அவர் போனதும் நின்றுபோன கதையாக இல்லாமல்?

தெருமுனை எழுதியது:

இருக்கிறது. ஜப்பானின் கோபன் முறை 1870-களில் தொடங்கியது, இன்றைக்கும் நாடு முழுக்க சுமார் 6,000 கோபன்கள் இயங்குகின்றன. சின்னப் புறக்காவல் நிலையம், தெருவோரத்தில், கதவு திறந்தே இருக்கும். வழி கேட்கப் போவார்கள், தொலைந்த பர்ஸைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், குழந்தை அழுதுகொண்டு நின்றால் அழைத்துப் போய் விடுவார்கள். அங்குள்ள காவலர் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வதும் அவர் வேலையில் சேர்ந்தது. கிராமப்புறத்தில் இன்னொரு வகை உண்டு, அங்கே காவலர் குடும்பத்தோடு அந்தக் கட்டடத்திலேயே குடியிருப்பார். குற்றம் நடந்த பிறகு மட்டும் போலீஸைப் பார்க்கிற உறவு அங்கே கிடையாது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நல்ல நாளில் முகம் தெரிந்தவரிடம்தான் கெட்ட நாளில் வாய் திறந்து பேச முடியும். சிங்கப்பூர் 1983-இல் தன் அக்கம்பக்கக் காவல் நிலையங்களை இதைப் பார்த்துத்தான் தொடங்கியது.

இன்னொன்று சிகாகோ. 1993-இல் ஐந்து காவல் மாவட்டங்களில் ஆரம்பித்து நகரம் முழுக்கக் கொண்டுபோனார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பீட்டிலும் கூட்டம். அதில் எனக்குப் பிடித்த அம்சம், காவலர் கையில் ஒரு சேவை வேண்டுகோள் படிவம் இருக்கும். எரியாத விளக்கு, கைவிடப்பட்ட கட்டடம், அனாதையாக நிற்கும் கார் என்று மக்கள் சொல்வதை அதில் எழுதினால் மாநகராட்சியின் மற்ற துறைகள் முன்னுரிமை கொடுத்துச் செய்ய வேண்டும். மக்கள் கேட்பதில் பெரும்பகுதி போலீஸ் வேலையே இல்லை, விளக்கும் குப்பையும்தான். "அது எங்கள் துறை இல்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர்தான் வருவார்கள். அங்கேயும் குறை உண்டு. லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் கூட்டங்களுக்கு அதிகம் வரவில்லை என்று அந்தத் திட்டத்தை நெடுங்காலம் ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன் எழுதியிருக்கிறார். வராதவர்களின் குறையும் குறைதானே.

மழைத்துளி எழுதியது:

தெருமுனை கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். இந்த இழையில் இதுவரை எல்லோரும் "நாம்" என்று பேசுகிறோம். அந்த "நாம்" யார்? சொந்த வீட்டுக்காரர்கள். கூட்டத்துக்கு வர நேரம் இருக்கிறவர்கள். கண்காணிக்கப்படுகிறவர்கள் யார் என்றால் வாடகைக்கு இருக்கும் வெளியூர்ப் பையன்கள், பழைய பொருள் எடுக்க வருகிறவர், ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவர். காக்கி ஐயா சொன்ன அந்த அம்மா போல நடத்தையை மட்டும் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான குழுக்களில் ஓடுவது ஆளின் தோற்றத்தைப் பற்றிய செய்திதான்.

2012-இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் கடைக்குப் போய்விட்டு நடந்து வந்துகொண்டிருந்தான். அக்கம்பக்கக் கண்காணிப்பில் இருந்த ஒருவர் சந்தேகப்பட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். நீங்கள் பின்தொடர வேண்டியதில்லை என்று மறுமுனையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்த மோதலில் அவர் துப்பாக்கியால் சுட்டார், பையன் செத்துப்போனான், கையில் ஆயுதம் எதுவும் இல்லை. தற்காப்பு என்று சொல்லி 2013-இல் விடுதலையும் ஆகிவிட்டார். போனோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பையன் இன்று உயிரோடு இருப்பான்.

இந்தியாவில் 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனை பேரை அடித்தே கொன்றார்கள். மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ஒரே நாளில் ஐந்து பேர். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. அடித்தவர்கள் எல்லோரும் தங்கள் ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள், எனக்கு அதை நினைத்தால்தான் நடுக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கம்பக்கக் கண்காணிப்பு என்றாலே எல்லோருடைய கண்ணும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குள் ஒரு பெண் அடி வாங்குவது சுவர் வழியே கேட்கும். அது குழுவில் வராது, கூட்டத்தில் வராது. "அது அவர்கள் குடும்ப விவகாரம்." பூட்டை உடைத்தவனுக்காகக் கூடுகிற தெரு, கையை உடைத்தவனுக்காக ஏன் கூடுவதில்லை?

மேல்மாடி எழுதியது:

மழைத்துளி, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உண்மை.

எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஆளின் படம் போடக் கூடாது. குழந்தைகள் படம் அறவே கூடாது. என்ன நடந்தது, எங்கே, எப்போது, இதை மட்டும் எழுத வேண்டும், முன்னனுப்பிய செய்தியாக இருந்தால் நிர்வாகி உடனே எடுத்துவிடுவார். ஆரம்பத்தில் சண்டை வந்தது, "படம் போடாமல் எப்படி அடையாளம் தெரியும்" என்றார்கள். படம் போலீசுக்குப் போகட்டும், இருநூறு பேர் போனுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை.

நேர்கோடு எழுதியது:

மழைத்துளி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைந்த ஜன்னல் கோட்பாடு என்று 1982-இல் வில்சனும் கெல்லிங்கும் எழுதினார்களே, சின்ன ஒழுங்கீனத்தை விட்டால் பெரிய குற்றம் வரும் என்று. ஜன்னலைச் சரிசெய்தால் நல்லதுதான். ஆனால் நியூயார்க்கில் அந்த வழியில் கிளம்பிய போலீஸ், ஆட்களைத் தெருவில் நிறுத்திச் சோதிப்பதில் போய் நின்றது. 2011-இல் மட்டும் 6 லட்சத்து 85 ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை. பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்தத் தப்பும் செய்யாதவர்கள், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். 2013-இல் அந்த நடைமுறை அரசமைப்புக்கு விரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு நிறுத்திச் சோதிப்பது வெகுவாகக் குறைந்தது, அதனால் குற்றம் எகிறிவிடவும் இல்லை.

கணக்குநோட்டு எழுதியது:

ஆமாம், ஜன்னலைச் சரிசெய்வதையும் ஆளை நிறுத்துவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிலடெல்பியாவில் குப்பை நிறைந்து கிடந்த காலி மனைகளைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்து, புல் போட்டு, சின்ன மரவேலி கட்டினார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி வறுமை மிகுந்த பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. குப்பை மேட்டில்தான் துப்பாக்கியை ஒளித்துவைப்பார்கள், மறைவாகச் சரக்கு விற்பார்கள். புல்வெளியானதும் குழந்தைகள் வந்தார்கள், பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யார் மேலும் கை வைக்காமல் நடந்தது இது.

தெருமுனை எழுதியது:

தன்னார்வலர் எல்லை மீறுவதைப் பற்றி நம் பக்கத்து அனுபவம் ஒன்றையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். 1993-இல் ராமநாதபுரத்தில் அப்போது அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. மக்களையும் போலீஸையும் பக்கத்தில் கொண்டுவரும் நோக்கம், பிற்பாடு தமிழ்நாடு முழுக்கப் பரவியது, பலரும் பாராட்டினார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது இந்த அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கும் தொடர்பு உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்புத் தரப்பு மறுத்தது. ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது.

அந்த வழக்கின் உள்விவரத்துக்குள் நான் போகவில்லை. என் கவலை இதுதான்: சீருடை இல்லாத, பயிற்சி இல்லாத, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவர் வாகனத்தை நிறுத்தவோ, ஆளை விசாரிக்கவோ, லாக்கப் பக்கம் போகவோ கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. ஒரு காவலர் வரம்பு மீறினால் புகார் கொடுக்க, விசாரிக்க, தண்டிக்க ஒரு வழியாவது எழுத்தில் இருக்கிறது. தன்னார்வலர் மீறினால் அவரை எந்தப் பணியிலிருந்து நீக்குவீர்கள்?

ஓய்வுபெற்றகாக்கி எழுதியது:

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்முன்னே பெரிய குற்றம் செய்கிறவனைப் பொதுமக்களே பிடித்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும், அதுவும் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும். உடனே ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் ஆறு மணி நேரத்துக்குள் என்று வரம்பே போட்டிருக்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் பிடித்து, கம்பத்தில் கட்டி, அடித்து, வீடியோ எடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். திருடன் சாட்சியாகிவிடுவான், நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். இது நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

மழைத்துளி எழுதியது:

ஐயா, உங்களிடமே ஒரு கேள்வி, நீங்கள் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். தகவல் சொல்கிறவர்களுக்குப் பெரிய பயம் என்ன தெரியுமா? பேர் வெளியே போய்விடும் என்பது. கஞ்சா விற்கிறவன் யார் என்று தெரு முழுக்கத் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஸ்டேஷனில் சொன்னால் சாயந்திரமே அவன் வாசலில் வந்து நிற்பான் என்ற நினைப்பு. இது கற்பனை என்று உங்களால் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்றகாக்கி எழுதியது:

முடியாது மா. அப்படி நடக்கிற இடங்கள் இருக்கின்றன. ஸ்டேஷனில் ஒரே ஒருவர் விலைபோனால் போதும், அந்தப் பகுதியில் பத்து வருடத்துக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அதனால் நான் சொல்வது: அந்த மாதிரி விஷயத்தைத் தனியாளாக உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லாதீர்கள். மேலதிகாரி அலுவலகத்துக்கு எழுதுங்கள், பெயர் போடாமலும் எழுதலாம், ஆனால் இடம், நேரம், எப்படி நடக்கிறது என்ற விவரம் முழுசாக இருக்கட்டும். பெயர் இல்லாத கடிதத்தைக் குப்பையில் போடுவார்கள் என்று நினைக்காதீர்கள், விவரம் உள்ள கடிதத்தை யாரும் போடமாட்டார்கள். திருச்சியில் ஜே.கே. திரிபாதி ஆணையராக இருந்த காலத்தில், 1999-க்குப் பிறகு, பீட் காவலர் முறையோடு சேர்த்துப் பொது இடங்களில் புகார்ப் பெட்டிகளும் வைத்தார்கள். ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்களும் எழுதிப் போடலாம் என்பதற்காகத்தான்.

அடிதடி நடக்கிற வீட்டு விஷயம் வேறு. அதற்குக் காத்திருக்கக் கூடாது, அவசர எண்ணுக்கு அப்போதே கூப்பிடுங்கள். கூப்பிட்டது யார் என்று அந்த வீட்டில் சொல்லும் காவலர் இருந்தால் அவர் மேல் புகார் கொடுங்கள். ஆனால் போலீஸ் வருவதற்குள் நீங்கள் போய்க் கதவைத் தட்டி எதையாவது கேட்கலாம், தண்ணீர் வருகிறதா, கரண்ட் இருக்கிறதா என்று, எதுவானாலும் சரி. வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பல நேரம் கை நிற்கும். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

மேல்மாடி எழுதியது:

ஜப்பானில் "குழந்தைகளுக்கான 110 வீடு" என்று வீட்டு வாசலில், கடை வாசலில் ஒட்டியிருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். 110 அங்கே போலீஸ் எண். யாராவது பின்தொடர்ந்தால், பயந்தால், அந்த ஒட்டியைப் பார்த்துக் குழந்தை உள்ளே ஓடி வரலாம். வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்வார். துரத்துவது, பிடிப்பது எதுவும் கிடையாது, கதவைத் திறந்து வைத்திருப்பது மட்டும்தான். மழைத்துளி சொன்ன பெண்களுக்கும் தெருவுக்கு இரண்டு வீடு இப்படி இருந்தால் என்ன?

மழைத்துளி எழுதியது:

இருந்தால் நான் முதல் ஆளாக என் வீட்டைக் கொடுப்பேன். ஆனால் ஒட்டி வேண்டாம், அடிக்கிறவனுக்கும் அது தெரிந்துவிடும். பெண்களுக்குள் வாய்வழியாகத் தெரிந்தால் போதும்.

நேர்கோடு எழுதியது:

இதற்கு நான் எதிர்ப்பு சொல்லமாட்டேன். கூட்டம், பலகை, படம் எதுவும் இல்லாத திட்டம் இது.

தெருமுனை, நீங்கள் ஆரம்பித்தீர்கள், நீங்களே சொல்லுங்கள். நாளைக்கு என் தெருவில் எதிலிருந்து தொடங்குவது? போலீஸ் பதில் சொல்வார்கள் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.

தெருமுனை எழுதியது:

குழு ஆரம்பிக்காதீர்கள், கேமராவும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வீட்டைச் சுற்றி ஆறு வீடு. அவர்களிடம் போய் உங்களுக்கு இங்கே எது பயம் என்று கேளுங்கள், பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். வருகிற விடையில் சீக்கிரம் தீர்க்கக்கூடியது ஒன்றை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் அது எரியாத விளக்காகவோ புதராகவோதான் இருக்கும். அதை எழுதி, ஆறு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான காவலர் பெயரைக் கேட்டு வாங்கி, அவரிடம் நேரில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள். மின்துறைக்கோ மாநகராட்சிக்கோ அதே நகல் போகட்டும்.

பதினைந்து நாள் கழித்து அதே காவலரிடம் போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நடந்திருந்தால் நன்றி சொல்லுங்கள், நடந்ததை ஆறு வீட்டிலும் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் அந்த நகலோடு அவருக்கு மேலே உள்ளவரிடம் போங்கள், கோபப்படாமல் போங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள். அவர் மாறிப் போய்விட்டால் புதிதாக வந்தவரிடம் முதல் வாரமே போய் அறிமுகம் செய்துகொண்டு அதே நகலைக் காட்டுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள் நேர்கோடு, வராவிட்டாலும் எழுதுங்கள்.